சுகிர்தனின் பன்னிரண்டு நிமிடம்

மாங்குளம் சந்திக்குக் கிட்ட, ஏ-ஒன்பது வீதியோரமாக, போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுக்கிற, போன் திருத்துகிற, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒப்படைக்கு மட்டை போட்டுக் கொடுக்கிற ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் "சகலவிதமான கணினித் தீர்வுகளும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கடைக்காரன் சுகிர்தனுக்கு நாற்பத்திரண்டு வயது. பலகை எழுதியவன், "எல்லாம் தெரியுமோ அண்ணை?" என்று கேட்டபோது, "தெரியாததை இஞ்ச ஆர் வந்து கேக்கப்போகினம்?" என்றான் அவன். வவுனியாவில் ஆறு மாதம் படித்துப் பெற்ற சான்றிதழ் கடைச் சுவரில் தொங்குகிறது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். தான் இலுப்பைப்பூ என்பது சுகிர்தனுக்கு நன்றாகத் தெரியும். ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவனுடைய தொழில்.

அந்தத் தொழிலுக்கு அவன் கண்டுபிடித்த பெரிய உபகரணம் ஒரு சொல். எந்தப் பழுதாக இருந்தாலும் கண்ணை இடுக்கித் திரையைப் பார்த்து, "இது சேர்வர் பிரச்சினை" என்பான். கேட்பவர் சேர்வர் என்பது எங்கேயோ கொழும்பில் இருக்கிற ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுகிர்தனுக்குக் கூடமும் வாடகைக் கூடம், கோணலென்று சொல்ல இன்னும் வசதி.

இந்தக் கெட்டிக்காரனை நம்பித்தான் சிறுநீரக நோயாளர் உதவிச் சங்கம் தன் கணினியை ஒப்படைத்திருந்தது. சங்கத்தில் அறுபத்துமூன்று நோயாளர். ஒட்டுசுட்டான் பக்கமிருந்தும் புளியங்குளம் பக்கமிருந்தும் கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டியவர்கள். ஒரு முறை தவறினால் காலும் முகமும் வீங்கிவிடும், மூச்சு முட்டும். அவர்களை ஏற்றி இறக்கச் சங்கத்திடம் ஒரு வான் இருந்தது. அதை ஓட்டுபவர் முல்லைத்தீவு ஹலீம். தலைவர் பரமலிங்கம், ஓய்வுபெற்ற தபாலதிபர். வீடு வீடாகப் போய் நோயாளரின் நிறை, வீக்கம், அடுத்த முறை எல்லாம் ரப் என்கிற கைக்கணினியில் பதிகிற வேலை அனோஜாவுடையது. இருபத்தாறு வயது. அவளுடைய தாய் நாகேஸ்வரியும் அந்த அறுபத்துமூன்று பேரில் ஒருவர்.

பட்டியல் இருந்தது சங்க அலுவலகக் கணினியில். ஆனால் எங்கிருந்தும் அதைத் திறக்கலாம் என்பதுதான் சுகிர்தனின் பெருமை. வான் வெளிக்கிட முதல் ஹலீம் தன் போனில் திறந்து யார் யாரை ஏற்றுவதென்று பார்ப்பார். வவுனியாவில் தாதி திறந்து யாருக்கு எந்தக் கட்டில் என்று எழுதுவார். ஏற்பாடு இவ்வளவுதான்: வெளியிலிருந்து யாராவது கேட்டால் அலுவலகக் கணினி பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்து, நேரம் குறித்த ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும். கொழும்பில் வாடகைக்கு எடுத்த இன்னொரு கணினி வாசற்காவல் மாதிரி நின்று அந்தச் சீட்டைப் பார்த்து உள்ளே விடும். சீட்டு ஐந்து நிமிடத்துக்குத்தான் செல்லும். இதைச் சுகிர்தன் ஒரு வீடியோவைப் பார்த்து அமைத்தான். வேலை செய்ததும் அவனே கொஞ்சம் ஆச்சரியப்பட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமழை, இடி, மின்வெட்டு. மின்சாரம் வந்தபின் கணினி முழிக்கவில்லை என்று பரமலிங்கம் அழைத்தார். உள்ளே இருந்த பொத்தான் பற்றரி செத்துப்போயிருந்தது. சுகிர்தன் புதிதாக ஒன்று போட்டு, அழிந்துபோன திகதியையும் நேரத்தையும் கையாலேயே அடித்து, கணினியை எழுப்பிவிட்டான். பட்டியல் பத்திரமாக இருந்தது. "பாத்தியளோ ஐயா," என்றான். பரமலிங்கம் பார்த்து, பிளேன்ரீ கொடுத்து அனுப்பினார்.

திங்கள் விடிய ஹலீம் போனில் அழைத்தார். "தம்பி, உள்ளுக்கு விடுதில்லை. அனுமதி இல்லையாம்."

"பாஸ்வேர்ட்டைப் பிழையா அடிச்சிருப்பியள்."

"என்ர மகள்ட பேர் தம்பி. அதை நான் பிழையா அடிப்பனோ?"

தாதியும் உள்ளே போகவில்லை. அனோஜாவும் போகவில்லை. ஆனால் அலுவலகத்துக்குள் இருந்து அந்தக் கணினியிலேயே திறந்தால் பட்டியல் சிரித்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள்ளே எல்லாம் சரி, வாசற்படலையில் மட்டும் பிரச்சினை. சுகிர்தன் கண்ணை இடுக்கினான். "சேர்வர் பிரச்சினை," என்றான்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் செய்த திருக்கூத்தை எழுதினால் அவனுக்கே வெட்கம். ரவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டான், பதினான்கு தரம். இணையக் கொம்பனிக்கு அழைத்து, பாட்டுக் கேட்டு, அழைப்பு அறுந்து, மறுபடி அழைத்தான். குரங்கு வயரைக் கடித்திருக்குமென்று கூரையில் ஏறினான். ஓடு ஒன்று உடைந்ததுதான் மிச்சம். எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றினான். புதிதும் வேலை செய்யவில்லை, பழையதும் மறந்துபோனது. ஹலீமின் மகளுடைய பெயரை எடுத்துவிட்டு எட்டு எழுத்தில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்தான். ஹலீம் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு திரிந்தார்.

அந்த மூன்று நாளும் வான் ஓடியதென்றால் அனோஜாவால்தான். திருத்தி முடியும்வரை அலுவலகக் கணினியை ஒருவரும் தொடக்கூடாதென்று சுகிர்தன் சொல்லியிருந்ததால், தான் கைப்பட எழுதி வைத்திருந்ததையும் ஞாபகத்தையும் வைத்து வீடு வீடாகப் போன் பண்ணி, ஹலீமுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். இதைச் சுகிர்தன் கவனிக்கவில்லை. அவன் கூரையில் இருந்தான்.

புதன்கிழமை பின்னேரம் பரமலிங்கம் கூட்டம் கூட்டினார். "என்ன பிழை எண்டு ஒரு முடிவு சொல்லும் தம்பி," என்றார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல்கூடத் தேவையில்லை. ஆனால் சகலவிதமான தீர்வும் என்று பலகை வைத்தவனுக்கு அந்த ஒரு சொல் தொண்டையைத் தாண்டாது. அவன் கொழும்புக் கணினியில் இருந்து எடுத்த பதிவை மேசையில் விரித்தான். மூன்று நாளில் வாசலில் மறுக்கப்பட்டவர்கள்: ஹலீம் ஒன்பது தரம், தாதி இருபத்திரண்டு தரம், அனோஜா நானூற்றுப் பதினேழு தரம்.

"நானூற்றுப் பதினேழோ?" என்றார் பரமலிங்கம்.

சுகிர்தனுக்கு ஒரு உற்சாகம் வந்தது. அதற்கு முதல் மாதம் யாரோ நோயாளருக்குப் போன் பண்ணி, சிறுநீரகத்தைக் கழுவுகிற பொடி இருக்கிறதென்று விற்கப் பார்த்தார்கள். நம்பர் எப்படி வெளியே போனதென்று சங்கத்துக்குள் ஒரு குமைச்சல் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "என்ர அனுபவத்திலை ஐயா, இது உள்ளாள் வேலை மாதிரித்தான் கிடக்கு. அந்தப் பேரிலை ஆரோ பூட்டை உடைக்கப் பாத்திருக்கினம்," என்றான். அவனுடைய அனுபவம் முழுவதும் ஆறு மாதச் சான்றிதழும் ஒரு வீடியோவும். அது மேசையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

அனோஜா எழும்பி நின்றாள். "அண்ணை, நான் ஒருத்தருக்கும் பாஸ்வேர்ட் குடுக்கேல்லை," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கியதும் சந்தேகத்துக்குத்தான் உதவியது.

சங்கத்தில் கணினி ஒழுங்குவிதிகள் பத்து இருந்தன. ஹலீம் அலுவலகக் கணினியில் கிரிக்கெட் பார்த்த நாளில் சுகிர்தன் எழுதியவை. ஏழாம் விதி: "தரவுக்குப் பாதகம் விளைவிப்பவர் எவராயினும் இரண்டு கிழமைக்குக் கணினியை அணுக அனுமதி இல்லை." எவராயினும் என்ற சொல் எழுதும்போது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அனோஜா ரப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பரமலிங்கம் அன்றைக்கே அறுபத்துமூன்று வீட்டுக்கும் செய்தி சொல்லச் செய்தார்: மறு அறிவித்தல் வரை அனோஜாவிடம் ஒரு விபரமும் கொடுக்கவேண்டாம்.

வியாழன் காலை சுகிர்தன் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது நாகேஸ்வரி வந்தார். வீங்கிய காலில் செருப்பு முழுதாக ஏறவில்லை. கையில் ஒரு துணிப்பை. வியாழன் அவருடைய சுத்திகரிப்பு நாள். வான் அந்நேரம் புளியங்குளத்தைத் தாண்டியிருக்கும்.

"வானிலை போகேல்லையோ அம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பிள்ளையைக் கள்ளி எண்ட வானிலை நான் என்னெண்டு தம்பி ஏறுறது?" என்றார் அவர். ஏச்சுக் குரல் இல்லை. விலை விசாரிக்கிற குரல். "அவளும் கூட வரமாட்டன் எண்டிட்டாள். ஆக்களின்ர முகத்தைப் பாக்க ஏலாதாம். வவுனியாவுக்கு இஞ்சையிருந்து வெளிக்கிடுற ஆறரை பஸ் போயிட்டுதோ?"

அந்த பஸ் மாங்குளத்திலிருந்தே வெளிக்கிடுவது, இருக்கை கிடைக்கும். பிறகு வருபவை எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து நிரம்பி வருபவை. சுகிர்தனால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்ப்பதற்கு வேறொன்றும் கிடைக்காமல் கைமணிக்கூட்டைப் பார்த்தான். ஆறு முப்பத்தெட்டு.

"அது போயிட்டுது அம்மா. இதிலை இருங்கோ, அடுத்ததிலை ஏத்திவிடுறன்." கதிரையைத் தூசி தட்டிப் போட்டான். தான் நல்லவன் என்று அவனுக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

நாகேஸ்வரி இருந்து காலை நீட்டினார். நாலு நிமிடம் கழிய, எதிர்ப்பக்கம் ஆறரை பஸ் வந்து நின்றது. சந்தியில் நின்ற சனம் முண்டியடித்து ஏறியது. நாகேஸ்வரி எழும்பி, பையைத் தேடி, வீதியைக் கடந்து போய்ச் சேர எல்லா இருக்கையும் நிரம்பிவிட்டது. யன்னலூடாக அவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பஸ் போய்விட்டது.

சுகிர்தன் வீதியோரம் நின்றான். பஸ் நேரத்துக்குத்தான் வந்தது. அப்படியானால் மணிக்கூடு?

அந்த மணிக்கூட்டின் கதை இது. எங்கேயும் பிந்திப் போவதே அவனுடைய சுபாவம். அதற்கு மருந்தாக, மூன்று வருடத்துக்கு முதல் மணிக்கூட்டைப் பன்னிரண்டு நிமிடம் முந்தி வைத்தான். வீட்டிலும் கடையிலும் மணிக்கூட்டை முந்தி வைக்காத ஆள் அந்தச் சந்தியிலேயே குறைவு. தன்னைத்தானே ஏமாற்றுகிற ஏற்பாடு. ஆனால் ஏமாறுபவனுக்கும் விசயம் தெரியுமே. பார்க்கும்போதெல்லாம் மனதில் பன்னிரண்டைக் கழித்து, அதே மாதிரிப் பிந்தித்தான் போனான். கழிக்க மறந்தது மூன்று வருடத்தில் இரண்டு தரம். இன்று ஒன்று. மற்றது ஞாயிற்றுக்கிழமை, கணினிக்கு நேரம் அடித்தபோது.

அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தான். கணினியின் நேரத்தையும் போனின் நேரத்தையும் ஒப்பிட்டான். சரியாகப் பன்னிரண்டு. மூன்று நாளாக அந்த மூலையில் தெரிந்த நேரத்தையும் தன் கையையும் நூறு தரம் பார்த்திருப்பான். பொய்யும் பொய்யும் ஒத்துப்போனதால் சந்தேகம் வரவில்லை. இணையத்திலிருந்து தானாக நேரம் எடுக்கிற வசதியையும் டேட்டா மிச்சம் பிடிக்கவென்று அவனே நிறுத்தி வைத்திருந்தான். அலுவலகக் கணினி எட்டு மணிக்கு, எட்டுப் பன்னிரண்டு என்று நேரம் போட்டுச் சீட்டு எழுதியிருக்கிறது. கொழும்புக் காவல்காரன் தன் மணிக்கூட்டைப் பார்த்து, இந்தச் சீட்டின் நேரம் இன்னும் பிறக்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். அவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான். உள்ளே இருந்து திறந்தவர்களுக்கு அந்த வாசலே இல்லை, அதனால் தடையுமில்லை.

பதிவை மறுபடி எடுத்தான். திரையை வலப்பக்கம் இழுத்தால் கடைசி நிரலில், ஒவ்வொரு மறுப்புக்கும் நேராகக் காரணம் எழுதியிருந்தது. நானூற்று நாற்பத்தெட்டு வரியிலும் ஒரே காரணம்: சீட்டின் நேரம் பிழை. புதன்கிழமை அவன் பெயர்களை மட்டும் பார்த்தான். இழுத்துப் பார்க்கவில்லை.

நேரத்தைத் திருத்தினான். அரை நிமிடத்தில் ஹலீம் அழைத்தார். "தம்பி, திறந்திட்டுது! கெட்டிக்காரன் நீங்கள்!" தாதி அழைத்து நன்றி சொன்னார். சுகிர்தன், "சேர்வரிலை ஒரு சின்ன வேலை," என்றான். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: அடுத்த ஐந்து மணித்தியாலம் அவன் கெட்டிக்காரனாகவே இருந்தான். அனோஜாவுக்குச் சந்தேகத்தின் பலன் கொடுத்து மெதுவாக வேலைக்குத் திருப்பி எடுக்கச் சொல்லலாம், ஒருவருக்கும் நட்டமில்லை என்று ஒரு கணக்கும் போட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கணக்கு.

மத்தியானம் பரமலிங்கம் கடைக்கே வந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். "பாத்தீரோ தம்பி? அந்தப் பெட்டையை நிப்பாட்டின அடுத்த நாளே சரி வந்திட்டுது. இதைவிட வேற சாட்சி வேணுமோ? அவவை ஒரேயடியா நிப்பாட்டுறதெண்டு கடிதம் அடிக்கப்போறன்."

சுகிர்தன் அப்போதுதான் உண்மையாகவே பயந்தான். பழுதை உண்டாக்கியது அவன். இப்போது அதைத் திருத்தியதும் அவளுக்கு எதிராகப் போய்விட்டது. அவன் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை இந்த ஊரில் ஆயுளுக்கும் கள்ளி. "ஐயா, பின்னேரம் எல்லாரையும் வரச் சொல்லுங்கோ. அனோஜாவையும்," என்றான்.

அனோஜா வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். சுகிர்தன் நின்றுகொண்டே சொன்னான். சொல்லி முடித்ததும் பரமலிங்கம் அவனுடைய தோளைத் தட்டினார். "உம்மட மனசு எனக்கு விளங்குது தம்பி. பாவம் எண்டு பழியை உம்மட தலையிலை போடுறீர். பெரிய மனசு."

உண்மையைச் சொன்னதற்குப் பெரிய மனசுப் பட்டம் கிடைக்குமென்று அவன் எதிர்பார்க்கவில்லை. இருபது வருடமாகப் பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுத்தார்கள். கடைசியில் கணினிக்கு முன்னால் போய் இருந்து, "ஹலீம் நானா, போனிலை திறவுங்கோ," என்றான். திறந்தது. நேரத்தைப் பன்னிரண்டு நிமிடம் முந்தி வைத்தான். "இப்ப?" திறக்கவில்லை. திருத்தினான், திறந்தது. மூன்று தரம் செய்து காட்டினான். ஹலீம் தன் உள்ளங்கையில் அழியாமல் கிடந்த எட்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபத்துமூன்று வீட்டுக்கும் செய்தி சொல்லச் செய்தவர் அவர். "ஏழாம் விதி என்ன சொல்லுது?" என்றார்.

சுகிர்தன் வாசித்தான். எவராயினும் என்ற இடத்தில் குரல் இறங்கிப்போனது.

அனோஜாவின் வீட்டுக்குத் தனியாகத்தான் போனான். அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நாகேஸ்வரி வவுனியாவிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவன் பழக்கதோசத்தில் நேர ஒத்திசைவு, செல்லுபடிக் காலம் என்று தொடங்கினான். அவள் இடையில் மறித்தாள்.

"அந்த நானூற்றுப் பதினேழு தரம் என்னெண்டு தெரியுமோ அண்ணை? எந்தச் சனத்துக்கு எந்த நாள் எண்டு கேட்டுக் கேட்டு எனக்குப் போன் வந்தது. ஒவ்வொரு போனுக்கும் ஒருக்கால் திறந்து பாத்தனான், இப்பவாவது விடுதோ எண்டு. நீங்கள் அதை எண்ணிப்போட்டு என்னைக் கள்ளி எண்டியள்."

இந்தத் தரம் சேர்வரும் சுகிர்தனின் உதவிக்கு வரவில்லை.

"நான் வேலைக்கு வாறன். எனக்காக இல்லை, அங்கை ஆள் இல்லை எண்டதுக்காக. ஆனா அறுபத்துமூண்டு வீட்டுக்கும் என்ர பேரைச் சொன்னதெல்லோ? அறுபத்துமூண்டு பேருக்கும் நீங்களே எடுத்துச் சொல்லவேணும். சங்கம் இல்லை. நீங்கள்."

சங்கத்துக் கணினியைத் தொட அனுமதியில்லாத இரண்டு கிழமையும் சுகிர்தன் கடையில் இருந்து போன் பண்ணினான். முதல் நாள் பெரிய விளக்கமாகச் சொன்னான். கேட்டவர்கள், "சரி தம்பி, அப்ப ஆரிலை பிழை?" என்று முடித்தார்கள். பத்தாவது ஆளுக்குப் பிறகு விளக்கம் சுருங்கியது. "பிழை விட்டது நான். அனோஜா இல்லை." இவ்வளவுதான். இந்த ஐந்து சொல்லுக்கு வர நாற்பத்திரண்டு வயது எடுத்ததே என்று நினைத்தான். புளியங்குளம் சிவராசாவுக்குக் காது மந்தம். அவருக்காக அதையே ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் கூடக் கத்தி, கொப்பி எடுக்க வந்து நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் எதிர்க்கடைக்காரனுக்கும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. "ஆ, நீரோ?" என்றார் சிவராசா கடைசியில். "அப்பவே நினைச்சனான்."

அந்த நாட்களில் சங்கத்திலிருந்து ஒருவரும் அவனை அழைக்கவில்லை. ஒரு பழுதும் வரவில்லையாம். நல்ல செய்திதான். இரவு சோறு இறங்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

நாகேஸ்வரியை அவன் கடைசிக்கு விட்டிருந்தான். ஒரு வாரம் முழுக்க அந்தப் பெயரைத் தாண்டித் தாண்டிப் போனான். வெள்ளிக்கிழமை, வேறு பெயர் மிச்சமில்லாதபோது, எடுத்தான்.

"அம்மா, நான் சுகிர்தன். பிழை விட்டது நான். அனோஜா இல்லை. அண்டைக்கு பஸ் போயிட்டுது எண்டதும் பிழைதான். நீங்கள் நிண்டுகொண்டு போனது என்னாலை."

"ஓம் தம்பி, நிண்டுகொண்டுதான் போனனான். ஓமந்தை வரைக்கும்," என்றார் நாகேஸ்வரி. "அது போகட்டும். பிள்ளையின்ர பேர் வெளிக்கிட்டுட்டுது. போன எல்லா வாசலிலையும் இருந்து அது திரும்பி வர எத்தினை நாள் செல்லுமோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. திங்கட்கிழமை வானிலை வாறன். உங்களை மன்னிச்சு இல்லை. கால் ஏலாது."

சுகிர்தன், "ஓமம்மா," என்றான். கடையில் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவரிடம் கையை நீட்டி, கொப்பி எடுக்கவேண்டிய தாளை வாங்கினான்.